பழைய ஜாடியில் தீநீர் பிடிக்கிறீர்களா? அறிகுறியைப் பார்த்துக் கழுவுங்கள்

பன்னீர், ஓமத் தீநீர், வெட்டிவேர்த் தண்ணீர் என்று வீட்டிலேயே வடிக்கிறவர்கள் அடுப்புக்கும் ஆவியைக் குளிர்விக்கிற ஐஸுக்கும் கொடுக்கிற கவனத்தில் பாதியைக்கூட, வடிந்ததைப் பிடிக்கிற ஜாடிக்குக் கொடுப்பதில்லை. ஊறுகாய்க்கு உப்பும் எண்ணெயும் காவல், ஜாமுக்குச் சர்க்கரை காவல், அதனால் ஜாடி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அவை தாங்கிக்கொள்ளும். தீநீருக்கு அந்தக் காவல் எதுவும் இல்லை. பூவோ வேரோ போட்டுக் காய்ச்சும்போது ஆவியாகிக் குளிர்ந்த தண்ணீர், கூடவே மிகச் சிறிதளவு வாசனை எண்ணெய், அவ்வளவுதான். ஜாடியில் என்ன மிச்சம் இருக்கிறதோ அது அப்படியே வாசனையிலும் தெளிவிலும் தெரிந்துவிடும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஆப்பசோடா, வினிகர், ப்ளீச் எல்லாவற்றையும் கொட்டித் தேய்ப்பதிலும் பயனில்லை. ஆப்பசோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். ப்ளீச்சோடு வினிகர் சேர்ந்தால் இன்னும் மோசம், குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து. எண்ணெய்க்கு ஒரு மருந்து, சுண்ணாம்புப் படிவுக்கு வேறு மருந்து, மூடியில் ஏறிய வாசனைக்கு மருந்தே கிடையாது. எந்தக் கோளாறு என்று முதலில் தெரிய வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது சாராயம் வடிப்பதைப் பற்றியது அல்ல. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றம். பூ, இலை, வேர், விதை போட்டு வடிக்கிற தீநீருக்குத்தான் இங்கே சொல்வதெல்லாம்.

கழுவும் முன் ஒதுக்க வேண்டியவை

மண்ணெண்ணெய், பெயின்ட், பினாயில், பூச்சிமருந்து இருந்த பாட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். என்ன இருந்தது என்றே தெரியாத பாட்டிலும் வேண்டாம். கையில் எடுத்தால் கனமாக, வெட்டு வேலைப்பாடு போட்டு மின்னுகிற பழைய கிரிஸ்டல் குடுவைகளில் ஈயம் கலந்திருக்கலாம், தீநீர் லேசான அமிலத்தன்மை உடையது, அதை மாதக்கணக்கில் அதில் வைக்கக்கூடாது.

அப்புறம் வாய் விளிம்பு. விரலால் தடவிப் பார்க்காதீர்கள், ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து விளிம்பைச் சுற்றி மெதுவாக இழுங்கள். சில்லு பெயர்ந்த இடத்தில் பஞ்சு இழை மாட்டிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாத சில்லைக்கூட பஞ்சு காட்டிக்கொடுக்கும். அந்த ஜாடி பருப்பு போட்டு வைக்க உதவலாம், காற்றுப் புகாமல் மூட வேண்டிய தீநீருக்கு உதவாது.

அறிகுறி: கழுவிக் காய்ந்த பிறகும் ஊறுகாய் வாசனை

இதுதான் அதிகம் வருகிற தொல்லை. பலர் ஜாடியைத்தான் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள். கண்ணாடி வாசனையை உறிஞ்சாது. வாசனை வருகிறது என்றால் ஒன்று கண்ணாடியின் மேல் எண்ணெய்ப் படலம் இன்னும் இருக்கிறது, அல்லது வாசனை மூடியில் இருக்கிறது. பெரும்பாலும் மூடிதான்.

தகர மூடியைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் வளையமாக வெள்ளையாகவோ பழுப்பாகவோ மெத்தென்று ஒரு பூச்சு இருக்கும், ஜாடியை இறுக்கி மூடுவது அதுதான். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். அது பிளாஸ்டிக் வகை, எண்ணெயையும் பூண்டு, பெருங்காய வாசனையையும் குடித்து வைத்திருக்கும். மாதக்கணக்கில் எண்ணெயில் ஊறியதை நம்மால் கழுவி எடுக்க முடியாது.

சந்தேகம் இருந்தால் ஒரு ராத்திரி சோதனை போதும். ஒரே மாதிரி கழுவிய இரண்டு ஜாடியில் வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரைப் பாதி அளவு ஊற்றுங்கள். ஒன்றை அதன் மூடியால் மூடுங்கள், இன்னொன்றின் மேல் கழுவிய எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். காலையில் காபிக்கு முன்னால், மூக்கு சுத்தமாக இருக்கும்போது, இரண்டையும் முகருங்கள். மூடி போட்டதில் மட்டும் வாசனை என்றால் மூடியைத் தூக்கிப் போடுங்கள். இரண்டிலும் வாசனை என்றால் கண்ணாடியில் எண்ணெய் இருக்கிறது, கீழே சொல்கிற எண்ணெய்ப் பகுதிக்குப் போங்கள். இரண்டிலும் இல்லை, ஆனால் வடித்த தீநீரில் மட்டும் வருகிறது என்றால் ஜாடியை விட்டுவிட்டு வாலையை, அதாவது வடிக்கிற பாத்திரத்தையும் குழாயையும் பாருங்கள். குக்கர் மூடியின் கேஸ்கெட், டியூப், நேற்று அதே பாத்திரத்தில் வைத்த சாம்பார், இவற்றில் ஏதோ ஒன்று.

புது மூடி வாங்கும்போது ஜாடி வாயின் அளவை எடுத்துக்கொண்டு போங்கள். திருகு மூடிகள் 53, 63, 70, 82 மி.மீ. என்று அளவு வாரியாகக் கிடைக்கின்றன. மூடியை மட்டும் புதிதாக வாங்கும் செலவு ஒரு தடவை வடிக்க வாங்கும் பூவின் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. எலுமிச்சைத் தோல், எலுமிச்சைப் புல் போன்றவற்றை வடிக்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: அந்த எண்ணெய்கள் சில பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கிவிடும். சொட்டு மருந்து பாட்டில் மாதிரி ரப்பர் குமிழ் வைத்த மூடியில் அவற்றை வைத்தால் கொஞ்ச நாளில் குமிழ் பிசுபிசுத்துப் போகும். கண்ணாடி அடைப்பான் உள்ள பாட்டில்தான் நல்லது.

அறிகுறி: கழுவிய ஜாடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது

சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தால் ஒரே மெல்லிய படலமாக வழிந்து இறங்கும். அங்கங்கே படலம் கிழிந்து, துளி துளியாக நின்றால் அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் படலம் எங்கே கிழிகிறது என்று நன்றாகத் தெரியும். பெரும்பாலும் கழுத்து வளைவிலும் அடிப்பக்க மூலையிலும்தான் மிச்சம் இருக்கும், பிரஷ் எட்டாத இடம் அது.

முதலில் தண்ணீரே படாமல் காய்ந்த கடலை மாவை உள்ளே போட்டு உருட்டித் துணியால் துடைத்தெடுங்கள். எண்ணெயின் பெரும்பகுதி மாவோடு வந்துவிடும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும். வாய் குறுகிய பாட்டில் என்றால் ஒரு கைப்பிடி பச்சரிசியைப் போட்டு, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். மணலோ இரும்பு நாரோ வேண்டாம், கீறல் விழுந்தால் அழுக்கு தங்கும், கண்ணாடியின் பலமும் போகும். பிடிவாதமான எண்ணெய்க்குச் சலவை சோடா: ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி, அரை மணி நேரம் ஊறினால் போதும். அதை ராத்திரி முழுக்க ஊறவிடாதீர்கள், காரம் நாளடைவில் கண்ணாடியையே அரிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் இந்தத் தண்ணீரைக் கலக்க வேண்டாம், அலுமினியம் கறுத்துப்போகும்.

தீநீர் பிடித்த பிறகு மேலே எண்ணெய் மினுமினுப்பு தெரிந்தால் அது செடியின் எண்ணெயா, பழைய சமையல் எண்ணெயா என்று குழப்பம் வரும். அந்த மினுமினுப்பை ஒரு துளி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து ஒரு நாள் விடுங்கள். வாசனை எண்ணெய் பறந்துவிடும், தாள் ஏறக்குறைய பழையபடி ஆகிவிடும். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஒளி ஊடுருவுகிற பொட்டாக அப்படியே நிற்கும். வெட்டிவேர் எண்ணெய் மட்டும் விலக்கு, அது பறக்க ரொம்ப நாள் எடுக்கும், அதை முகர்ந்துதான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: காய்ந்தவுடன் உட்புறம் வெள்ளையாக மங்குகிறது

ஈரமாக இருக்கும்போது பளிச்சென்று இருந்து, காய்ந்ததும் பனி படர்ந்த மாதிரி ஆகிறதா? போர்த் தண்ணீர், லாரித் தண்ணீர் உள்ள வீடுகளில் இது சாதாரணம். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் ஜாடியில் தங்கிவிடுகின்றன. மங்கின இடத்தில் இரண்டு துளி வினிகர் வைத்து ஐந்து நிமிடம் பொறுத்துத் துடைத்து, கழுவி, காயவிடுங்கள். வினிகர் பட்ட இடம் மட்டும் வட்டமாகத் தெளிந்திருந்தால் அது சுண்ணாம்புப் படிவு. ஜாடி முழுக்க வினிகரோ, கடைகளில் எலுமிச்சை உப்பு என்று தருகிற சிட்ரிக் அமிலமோ (ஒரு லிட்டர் சூடான தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி) ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தால் போய்விடும். தடித்த படிவாக இருந்தால் இன்னொரு தடவை.

வட்டம் தெளியவில்லையா? அது படிவு இல்லை, கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. பல வருடம் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டதாக இருக்கலாம், காரத்தில் ரொம்ப நேரம் ஊறியதாக இருக்கலாம். இது எதற்கும் போகாது, நேரத்தை வீணாக்க வேண்டாம். லேசாக அரித்திருந்தால் தீநீருக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, தெளிவைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் குறை. ஆனால் தீநீர் கெட்டுப்போவதைக் கண்ணால்தான் முதலில் கண்டுபிடிக்கிறோம், அதனால் அப்படிப்பட்ட ஜாடியை நான் இதற்கு வைத்துக்கொள்வதில்லை.

சுண்ணாம்பை எடுத்துவிட்டு மறுபடியும் அதே போர்த் தண்ணீரில் அலசினால் மறுபடியும் படியும், அதனால் கடைசி அலசலுக்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் போதும், அதன் கழிவுக் குழாயில் வருகிற தண்ணீர் ஆகாது, உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து வருகிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைச் சிலர் பிடிக்கிறார்கள். உப்பு இல்லை என்பது உண்மைதான், ஆனால் அது தூசியும் பூஞ்சையும் படிந்த சுருளின் மேல் வழிந்து வருகிற தண்ணீர். இதைவிட நல்ல வழி ஒன்று கையிலேயே இருக்கிறது: பூ போடுவதற்கு முன்னால் வாலையில் வெறும் தண்ணீரை ஊற்றிக் கொஞ்ச நேரம் வடியுங்கள். முதலில் வருகிற ஒரு டம்ளரைக் கொட்டிவிடுங்கள், பழைய வாசனையெல்லாம் அதோடு போகும். அடுத்து வருவதை ஜாடிகளின் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாலையும் சுத்தம், ஜாடியும் சுத்தம், வாலையில் ஏதாவது ரப்பர் வாசனை இருந்தால் அதுவும் பூவை வீணாக்கும் முன்னாலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: லேபிள் வந்துவிட்டது, பசை வரவில்லை

வெந்நீரில் ஊறவைத்து வரும் பசை வெந்நீரிலேயே வரும். வராதது ஸ்டிக்கர் பசை, அதற்குத் தண்ணீர் எதிரியே இல்லை, எண்ணெய்தான். தேங்காய் எண்ணெயும் ஆப்பசோடாவும் குழைத்துப் பூசி ஒரு மணி நேரம் கழித்துப் பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் சுரண்டினால் சுருண்டு சுருண்டு வரும். இதை ஜாடியை மூடி வைத்துக்கொண்டு செய்யுங்கள், எண்ணெய் உள்ளே போகக்கூடாது. மண்ணெண்ணெய், தின்னர் வேகமாக வேலை செய்யும், ஆனால் தீநீர் வடிக்கிற வீட்டில் அந்த வாசனை கையில், துணியில், மூடியில் எங்கேயாவது ஒட்டிக்கொண்டு வந்து சேரும்.

அறிகுறி: மஞ்சள் கறை

வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் நிற்காது. சோடா போட்டதும் கறை சிவப்பாக மாறினால் பயப்பட வேண்டாம், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதனால்தான், அலசினால் போகும்.

அறிகுறி: வெந்நீர் ஊற்றியதும் டக்கென்று விரிசல்

ஜாம், ஊறுகாய், காபித்தூள் வருகிற ஜாடிகள் எல்லாம் சாதாரணக் கண்ணாடி. பரிசோதனைக் கூடத்தில் பயன்படுகிற போரோசிலிகேட் கண்ணாடி சூட்டில் விரிவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். உள்பக்கம் சூடாகி விரிய, வெளிப்பக்கம் குளிர்ந்தே இருந்தால் கிழியத்தான் செய்யும். அதனால் கிருமி நீக்கும்போது கொதிக்கிற தண்ணீரை ஜாடியில் ஊற்றாதீர்கள். பெரிய பாத்திரத்தின் அடியில் மடித்த துணி, அதன் மேல் ஜாடி, முழுகும் அளவு பச்சைத் தண்ணீர், பிறகு மெல்ல சூடேற்றுங்கள். கொதி வந்த பிறகு பத்து நிமிடம்.

எடுத்து வைக்கும்போதும் கவனம் வேண்டும். நம் சமையல் மேடை கிரானைட், எப்போதும் சில்லென்று இருக்கும், அதன் மேல் நேராக வைத்தால் அடிப்பகுதி வட்டமாகக் கழன்று வரக்கூட வாய்ப்பு உண்டு. மரப்பலகை மேலோ மடித்த காய்ந்த துணி மேலோ வையுங்கள். வாலையிலிருந்து தீநீர் சூடாக வந்தாலும் இதே கதைதான், குளிர்ந்த ஜாடியில் சூடான தீநீர் விழக்கூடாது. உண்மையில் தீநீர் சூடாக வருகிறது என்றாலே ஐஸ் போதவில்லை என்று அர்த்தம், வாசனையும் ஆவியோடு போய்க்கொண்டிருக்கும், அடுப்பைக் குறையுங்கள்.

அறிகுறி: ஜாடியில் பிடித்த தீநீர் மங்கலாக இருக்கிறது

இங்கே அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். புதிதாக வடித்த தீநீர் லேசாகப் பால் கலந்த மாதிரி இருக்கலாம், வாசனை எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகளாகச் சிதறி நிற்பதுதான் காரணம். அது ஜாடி முழுக்க ஒரே சீராக மங்கியிருக்கும், சில நாளில் தானாகத் தெளியும். புதுத் தீநீரில் வருகிற வெந்த கீரை மாதிரி வாசனையும் அப்படித்தான், கொஞ்ச நாள் இருக்கவிட்டால் அடங்கும்.

ஓமத் தீநீரை ஃப்ரிட்ஜில் வைத்து, அடியில் வெள்ளையாகப் படிகங்கள் தெரிந்தால் அதுவும் அழுக்கில்லை. ஓமத்தில் உள்ள தைமால் அறைச் சூட்டில் திடமாக இருக்கிற பொருள், குளிரில் தண்ணீரிலிருந்து பிரிந்து நிற்கிறது. வெளியே எடுத்து வைத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஜாடியை நிறுத்தினால் கரையும்.

கொட்ட வேண்டியது எது என்றால், தெளிந்திருந்த தீநீர் ஒரு நாள் திடீரென்று மாறுவது. வெளிச்சத்துக்கு எதிரே ஜாடியை மெல்லச் சுழற்றுங்கள். பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி, நூல் மாதிரி ஏதாவது மிதந்து சுழன்றால் அது பூஞ்சை. வாசனையில் பூவுக்குப் பின்னால் பாசியோ ஈரச் சாக்கோ தெரிந்தாலும் அதேதான். வடிகட்டிப் பயன்படுத்தலாமா என்று யோசிக்காதீர்கள், முகத்தில் போடுவது, சில வீடுகளில் குழந்தைக்கு ஓமத் தீநீர் கொடுப்பது என்றெல்லாம் இருக்கும்போது அந்தத் துணிச்சல் வேண்டாம். கொட்டிவிடுங்கள். மூடியையும் கொட்டிவிடுங்கள், ஏனென்றால் திருகு வரிகளிலும் அந்த மெத்தென்ற வளையத்தின் ஓரத்திலும் பூஞ்சை ஒளிந்திருக்கும்.

ஜாடியைக் காப்பாற்றலாம். முதலில் சோப்பு, பிரஷ், ஏனென்றால் கொதிநீர் கிருமியைக் கொல்லுமே தவிர, சுவரில் ஒட்டிய வழவழப்பைக் கழற்றாது. அதற்கப்புறம் கொதிக்கவைத்தல். கொதிநீருக்கும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் சில உண்டு, அதே ஜாடியில் மறுபடியும் வந்தால் குக்கரில் வையுங்கள். வெயிட் வந்து நிற்கும்போது உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி, 15 நிமிடம் போதும். ஜாடி மூடாமல் இருக்க வேண்டும், அடியில் தட்டும் தண்ணீரும் வேண்டும், பிரஷர் தானாக இறங்கும் வரை தொடக்கூடாது.

இவ்வளவு செய்தும் திரும்ப வந்தால் உலர்த்துகிற விதத்தைப் பாருங்கள். கொதிக்கவைத்து எடுத்த ஜாடியைச் சமையலறைத் துண்டால் உள்ளே துடைத்தால் துண்டில் இருந்ததெல்லாம் உள்ளே போய்விட்டது. துணி மேல் கவிழ்த்து வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லை, பஞ்சுத் தூசியும் ஒட்டும். எவர்சில்வர் கம்பி ஸ்டாண்டில், வாய்க்கும் கம்பிக்கும் நடுவே காற்றுப் போகிற மாதிரி சாய்த்து வையுங்கள். சொட்டு ஈரத்தோடு இருக்கிற ஜாடியை மூடி வைத்துவிட்டு அடுத்த மாதம் பூ கிடைக்கும்போது எடுத்தால் பூஞ்சை வாசனைதான் வரவேற்கும்.

அறிகுறி: வெட்டிவேர் வடித்த ஜாடியில் வாசனை போகவே மாட்டேன் என்கிறது

வெட்டிவேர் எண்ணெய் பிசின் மாதிரி கெட்டி. சோப்பில் கொஞ்சம்தான் போகும். மருந்துக் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி இரண்டு ஸ்பூன் ஊற்றி, மூடி சுழற்றி, கொட்டி, மறுபடியும் ஒரு தடவை. அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது, சன்னல் திறந்திருக்கட்டும். இதற்குப் பதிலாகக் கைக்குப் போடும் சானிடைசரை ஊற்றாதீர்கள், கை வறண்டுபோகாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்ப்பார்கள், அது ஜாடியில் படலமாகத் தங்கும். இவ்வளவு செய்வதைவிட, முடிந்தால் வெட்டிவேருக்கென்று தனி ஜாடி ஒதுக்கிவிடுங்கள். பன்னீர் ரோஜாவின் வாசனை மென்மையானது, பக்கத்தில் வெட்டிவேர் இருந்தாலே அடிபட்டுப்போகும்.

அறிகுறி: ஜாடியின் அடியில் நீலமும் பச்சையும் கலந்த கறை

செம்பு வாலையிலோ செம்புக் குழாயிலோ வடிக்கிறவர்களுக்கு இது வரும். தீநீரின் லேசான அமிலம் செம்பில் உள்ள களிம்பைக் கரைத்துக் கொண்டுவந்திருக்கிறது. ஜாடியில் இருக்கும் கறை சிட்ரிக் அமிலத்துக்கு உடனே போய்விடும். அந்தத் தீநீரைக் குடிக்கவும் வேண்டாம், பூசவும் வேண்டாம். அடுத்த தடவை வடிக்கும் முன் செம்பைப் புளி போட்டுத் தேய்த்து, குழாய்க்குள் எலுமிச்சை உப்புத் தண்ணீரை ஓட்டி, வெறும் தண்ணீரை வடித்து, முதல் டம்ளரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். கொஞ்சமாவது நிறம் தெரிந்தால் மறுபடியும் தேய்க்க வேண்டும்.

அறிகுறி: சோப்பு வாசனை

எலுமிச்சை மணமுள்ள பாத்திர சோப்பு தீநீரில் நன்றாகவே தெரியும், குலுக்கினால் மேலே நுரையும் நிற்கும். வாசனை இல்லாத சோப்பைக் குறைவாகப் போடுங்கள், நாலைந்து தடவை அலசுங்கள். காய்ந்த மூடியைத் தனியாகவும் ஜாடியைத் தனியாகவும் வையுங்கள், ஜாடி வாயில் சுத்தமான வெள்ளைத் தாளை மடித்து ரப்பர் பேண்ட் போட்டால் தூசி போகாது, ஈரம் இருந்தாலும் வெளியேறும்.